சென்னைவரை வந்த மகனுக்கு

அச்சுவேலி

அன்புள்ள மகன் கஜீபனுக்கு,

நீயும் நிவேதனாவும் பிள்ளைகளும் கனடாவில் சுகமாக இருக்க நல்லூர்க் கந்தன் துணை. இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம், அம்மாவின் முழங்கால்தான் அவளைப் படுத்துகிறது. போனில் கதைத்தால் அவள் பக்கத்தில் வந்து நின்றுவிடுவாள், அதனால்தான் சந்தைக்கு வந்த கையோடு தபால் கந்தோர் வாங்கில் குந்தியிருந்து இதை எழுதுகிறேன். பிந்திப் பெய்த மழையில் வெங்காயம் பாதி அழுகிவிட்டது, அதை விடு. பக்கத்து வீட்டு மீனாம்பிகை மாமி கண் ஒப்பரேசனுக்குச் சென்னை போய் வந்தா. கண் தெளிந்து வெளியே இறங்கிய அன்றே பட்டுக்கடையில் உன்னைக் கண்டதாகச் சொன்னா. நல்ல கண்தான் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். "நிவேதனாவின்ரை தங்கச்சியின்ரை கலியாணத்துக்குச் சீலை எடுக்க வந்தனாங்கள் மாமி, பத்து நாள்தான் லீவு, வீட்டிலை சொல்லிப்போடாதையுங்கோ" என்று அவவின் கையைப் பிடித்தாயாம். அந்த மனிசி அம்மாவுக்குச் சொல்லவில்லை, வேலிக்கரையில் என்னை மறித்து எனக்கு மட்டும் சொன்னா.

ஏழு வருசமாக நீ சொன்ன கணக்கு எனக்கு மனப்பாடம். ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்கு இருபது மணித்தியாலத்துக்கு மேல், பிறகு பஸ்ஸில் எட்டு மணித்தியாலம், பிள்ளையள் தாங்காதுகள் அப்பா என்பாய். நானும் சரி என்றேன். பதினாலாயிரம் கிலோமீற்றர் பெரிய தூரம்தான், அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் சென்னையிலிருந்து எங்கள் பலாலி விமான நிலையத்துக்கு நானூறு கிலோமீற்றரும் வராது மகன். காலைச் சாப்பாட்டை அங்கே முடித்துக்கொண்டு ஏறினால் மத்தியானம் அம்மாவின் கையால் சாப்பிடலாம். கடலைத் தாண்டினவனுக்கு வாய்க்கால் பெரிசாகப் போய்விட்டதோ? சீலைக்குப் பத்து நாள் இருந்தது, பெற்றவளுக்கு ஒரு நாள் இல்லை. வராமல் விட்டதைக்கூடப் பொறுப்பேன், இவ்வளவு கிட்ட வந்து ஒளித்துக்கொண்டு போனதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அம்மா உன்னை ஒருவரிடமும் விட்டுக்கொடுக்கிறதில்லை. யாராவது கேட்டால், "என்ரை பிள்ளைக்கு வர விருப்பம், தூரமெல்லே" என்பாள். அந்தத் தூரத்தை வைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொண்டு இருக்கிறாள். நேற்று முற்றத்தில் உனக்குத் தூள் இடித்து அனுப்பவென்று மிளகாய் காயவிட்டுக்கொண்டிருந்தாள். சென்னைப் பிளேன் வீட்டுக்கு மேலால் பதிந்து போனது. நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "இஞ்சேருங்கோ, அவன் கனடாவிலை இல்லாமல் சென்னையிலை எண்டாலும் இருந்திருந்தால், உதிலை ஏறி ஓடி வந்திருப்பான், என்ன?" என்று கேட்டாள். நான் ஓம் என்றேன்.

எவ்வளவு கோபம் வந்தாலும் உன்னைச் சபிக்க எனக்கு மனம் வராது. நீயும் குடும்பமும் ஒரு குறையுமில்லாமல் வாழவேண்டும். ஒன்றை மட்டும் மறவாதே. கலியாணப் படங்களை அனுப்பும்போது சென்னையில் எடுத்தவை ஒன்றும் அதற்குள் கலந்து வராமல் பார்த்துக்கொள். அம்மா போன் எடுத்து எப்ப வாறாய் என்று கேட்டால், வழக்கம்போலக் கனடா தூரம் என்றே சொல்லு.

இப்படிக்கு,
உன் அப்பா
க. நமசிவாயம்