டிராகனும் ஓய்வுநாள் பள்ளியும்

அன்புள்ள அண்ணி,

போதகர் விசாரிக்க வந்த அன்று நம் ஆம்பூர் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், நீங்கள், போதகர், சபை மாதர் சங்கச் செயலாளர். ஐந்தாவதாகக் கம்ப்யூட்டர் திரையில் அந்தப் பச்சை டிராகன். அதையும் கணக்கில் சேர்க்கச் சொல்வீர்கள்.

இன்று காலை பழைய கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். தூசி சூடேறும் வாசனை வந்ததுமே, காலை டியூட்டி முடிந்து மதியம் நர்ஸ் சீருடையோடு என் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் நீங்கள் கண்முன் வந்துவிட்டீர்கள்.

உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர், வேலை பார்த்த ஷூ கம்பெனியில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் அது. எட்டாவதோடு நின்ற நான் தட்டித் தட்டி நானே கற்றுக்கொண்டேன். பத்திரிகையோடு வந்த சிடியில் இருந்தது அந்தச் சின்ன ஆட்டம். புதிதாகச் செய்ததுதான், ஆனாலும் அந்தக் காலத்து வீடியோ கேம் போலக் கட்டம் கட்டமான படம். களவு போன மூன்று முட்டைகளைத் தேடிப் போகும் தாய் டிராகன் நாம். பறப்பது என் விரல், நெருப்பு ஊதுவது உங்கள் விரல். ஈட்டிக்காரன் எதிரே வந்தால் நான் பின்வாங்குவேன். "இன்னாடி, வாலைச் சுருட்டிக்கினு ஓடுற? முட்டை உன்னுதா, அவனுதா?" என்பீர்கள்.

ஞாயிறுதோறும் சபையில் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அவர்கள் வீட்டில் போய்ச் சொல்ல, அந்த வாரமே போதகர் செயலாளரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"இந்த டிராகன்தான் வேதத்துல வர்ற வலுசர்ப்பம், சாத்தான்னு தெரியும்ல? அதுவா நீங்களே மாறி ஆடறதா? ஞாயித்துக்கிழம சபை முன்னால மன்னிப்புக் கேளுங்கம்மா. இல்லன்னா வகுப்பு கிடையாது."

அடுப்படிக்கு வெளியே எனக்கென்று இருந்தது அந்த வகுப்பு ஒன்றுதான். நீங்கள் செயலாளரைப் பார்த்து நிதானமாகக் கேட்டீர்கள்: "போன கிறிஸ்மஸ் நாடகத்துல சாத்தான் வேஷம் கட்டுனது உங்க வீட்டுக்காரர்தானே?"

"அது ஊழியம் சிஸ்டர்."

"கொம்பு வெச்சா ஊழியம், வாலு வெச்சா பாவமா?"

போதகர் சிரிப்பை அடக்க இருமினார். ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை, வகுப்பு போயிற்று. ஜெபத்தையும் விடவில்லை, ஆட்டத்தையும் விடவில்லை. இரண்டாவது முட்டையை மீட்டதோடு நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். அதற்காகக் கர்த்தர்மேல் இன்னும் கோபம்தான். அதையும் அவரிடமேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு கையால் பறந்து மறுகையால் நெருப்பு ஊதப் பழகிவிட்டேன்.

நேற்று புதிய போதகரிடமிருந்து கடிதம் வந்தது. வகுப்பெடுக்க ஆள் இல்லையாம். நான்கு வரி மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களாம். எனக்குப் பிள்ளைகள் வேண்டும், அண்ணி. அதற்காக அந்த மதியங்களைப் பாவம் என்று என் கையால் எழுத முடியாது. பதில் எழுதி முடித்துவிட்டேன். தபாலில் போடுமுன் உங்களுக்குப் படித்துக் காட்டுகிறேன்:

"ஐயா, வகுப்பு எடுக்க எனக்கு மனம் இருக்கிறது. மன்னிப்புக் கேட்க மனம் இல்லை. ஞாயிறு காலை எட்டரை மணிக்கு வேதப்புத்தகத்தோடு வந்துவிடுவேன். அறைச் சாவி யாரிடம் இருக்கும் என்று சீக்கிரம் தெரிவிக்கவும்."