மேலாளர் விழுந்த நாற்காலி

பிங்குவோ,
விளக்குத் திருவிழாவுக்கு மறுநாள்.

அன்புள்ள ஸு-ஹெங்,

நானும் உன் அப்பாவும் சுகம். ஆலை மேலாளர் மோவின் இடுப்பும் சுகம், ஆகவே நீ சிட்னியில் நிம்மதியாகச் சாப்பிடலாம். வெட்கமாக இருக்கிறது, இனி ஊர்ப்பக்கமே வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். எதற்கு வெட்கம், பெரிய மனிதரைக் கவிழ்க்கத்தானே கடல் தாண்டிப் படித்தாய்! காலியம் என்ற உலோகத்தை உருக்கி அதில் கொஞ்சம் தகரமும் நிக்கலும் கரைத்தால், பெரிய உலை இல்லாமலே குறைந்த சூட்டில் சமையல் எண்ணெயிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருள் எடுக்கலாம், காலியமும் நம் ஆலையிலேயே கிடைக்கிறது என்று மோவை அழைத்த விருந்தன்று காலையில் எங்களிடம் ஒத்திகை பார்த்தாய். உலோகம் உன் உள்ளங்கையில் வெண்ணெயாக உருகியதைப் பார்த்து உன் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சிந்தின துளியை மட்டும் கட்டைவிரலால் வழித்து, கீறல் விழுந்த மடக்கு நாற்காலியின் காலில் தேய்த்துவிட்டுப் போனாய். காலியம் பட்டால் அலுமினியம் பிஸ்கட்டாக உதிரும் என்று எங்களுக்குப் பாடம் எடுத்ததே நீதான். உன் ஆய்வுக்கூடத்தில் எல்லாம் கண்ணாடி, இது அலுமினிய ஊர், நம் வீட்டில் கரண்டி முதல் ஜன்னல் வரை அலுமினியம், அது மறந்துபோயிற்று உனக்கு. சாயங்காலம் மோ எலுமிச்சை வாத்துக்குச் சாப்பாட்டுக் குச்சியை நீட்டினார், நாற்காலிக் கால் பொடிந்தது, மனிதர் தரையில். நீ அவரைத் தூக்காமல் உடைந்த காலைத் தூக்கி, "மோ மாமா, பாத்தீங்களா, எவ்ளோ ஆழமா எறங்கியிருக்கு!" என்றாய். அதற்கே உன்னை அடித்திருக்க வேண்டும், விடிந்ததும் விமானம் ஏறித் தப்பிவிட்டாய்.

நேற்று மோ வந்தார். புது நாற்காலியைத் தட்டி, மரம்தான் என்று தெரிந்த பிறகே உட்கார்ந்தார். "அண்ணி, கீழ விழுந்த என்னை விட்டுட்டு உலோகத்தைப் பாத்தான் பாருங்க, அந்தப் பைத்தியம்தான் எனக்கு வேணும். ஆனா சாப்பாட்டு மேசைப் பக்கம் விடாதீங்க" என்றார். ஆலையில் ஆய்வுக்கூடம் திறக்கிறார்களாம், அதில் உனக்கு வேலையாம், இந்த மாதத்துக்குள் நீ பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளாம். உன் அப்பா அந்த உடைந்த நாற்காலிக் காலைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தியிருக்கிறார், ஏன் என்று கேட்டால் முறைக்கிறார். எனக்கு உன்னைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது, அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, கை கழுவாமல் எதையும் தொடாதே, மோவுக்குப் பதில் எழுது. எங்கள் ஆசி என்றும் உன்னோடு இருக்கும். மர நாற்காலி மூன்று வாங்கினேன். இரண்டில் நாங்கள் உட்காருகிறோம், மூன்றாவதைத் தினமும் துடைத்து வைக்கிறேன்.

உன் அம்மா,
வெய் சூ-லான்