வெங்காயக் களத்தில் உன் முறை

அக்கா, விரல்களில் வெங்காய வாடை போகவே மாட்டேன் என்கிறது. சீயக்காய் போட்டும் தேய்த்துப் பார்த்துவிட்டேன். இன்று களத்தில் உனக்காக உட்கார்ந்தோம். அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்தக் கோடையில் நம் தெருவில் வீட்டுக்கு ஒரு பிள்ளையையாவது அம்மை கொண்டுபோனது. உன் இரண்டு பையன்களும் போனார்கள். என் அஞ்சலையும் போனாள், மூன்று வயது. அம்மையில் போனவர்களுக்கு அழக் கூடாது, அழுதால் ஆத்தா கோபித்துக்கொண்டு மறுபடி வருவாள் என்றார்கள். பறை இல்லை, ஒப்பாரி இல்லை. நானும் பெரிய பக்திசாலியாக, கேட்டவர்களிடமெல்லாம் ஆத்தா எடுத்துக்கொண்டாள் என்று சிரித்தபடி சொன்னேன். என்ன மண்டுத்தனம்! அதற்குப் பிறகு தெருவே ஊமையாகிவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. மடியில் ஏற வந்த மகனைக்கூடத் தள்ளிவிட்டேன்.

வெங்காயம் பிடுங்கி முடிந்ததும் நீதான் பெண்களைக் களத்துக்குக் கூப்பிட்டாய். ஆளுக்கொரு அரிவாள்மணையோடு குவியலைச் சுற்றி உட்கார்ந்தோம். ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து இங்கே என்ன கூட்டம் என்று அதட்டினார். நீ தலையைக்கூடத் தூக்கவில்லை.

"வெங்காயம் அறுக்குறோம். கண்ணு கலங்கத்தான் செய்யும். ஆத்தாளுக்கு அது தெரியாதா?"

அவர் போனதும் எங்களுக்கு முறை சொன்னாய். அவசரமே கூடாது. ஒரு வெங்காயத்தை எடுக்க வேண்டும், காம்பை அறுக்க வேண்டும், மூச்சை முழுசாக விட வேண்டும், பிறகு போன பிள்ளையின் பேரைச் சொல்ல வேண்டும். ஒருத்தி சொல்லி அழுது முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். முதலில் நீ உன் பையன்களின் பேரைச் சொன்னாய். இரண்டு நாள் என் முறை வந்தபோது எனக்கு வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய்.

"சொல்லுடி. பேரைச் சொல்லாட்டி அவ போன மாதிரியும் இல்ல, இருந்த மாதிரியும் இல்ல."

சொன்னேன். நெஞ்சே வெடித்துவிடும்போல அழுதேன். அன்று சாயங்காலம்தான் மகனுக்கு மறுபடி என் கையால் சோறு ஊட்டினேன்.

போன வாரம் நீயும் அம்மையிலேயே போய்விட்டாய். பாயோடு சுற்றி வண்டியில் ஏற்றினார்கள். அழக் கூடாது என்ற அதே பேச்சுதான். இன்று ஏழு பேர் களத்தில் கூடினோம். முதல் முறை என்னுடையது. வெங்காயத்தை எடுத்தேன், அறுத்தேன், மூச்சை விட்டேன்.

உன் பேர் தெரியவில்லை, அக்கா.

குன்னத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்ததால் தெருவுக்கே நீ குன்னத்தா. எனக்கு அக்கா. உன் புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தேன், அவள் அடுத்தவளைப் பார்த்தாள். ஒருத்திக்கும் தெரியவில்லை. எத்தனை பிள்ளைகளின் பேரை எங்கள் வாயிலிருந்து வரவழைத்தாய்! உன் பேரைக் கேட்க எங்களுக்கு ஒருநாளும் தோன்றவில்லையே. வெட்கமாக இருக்கிறது. கண்ணில் வந்தது வெறும் வெங்காயத் தண்ணீர்தான். அரிவாள்மணையை மடக்கிவிட்டு எழுந்தோம்.

நாளைக்குக் குன்னம் போகிறேன். உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஓர் உயிராவது அங்கே மிச்சம் இருக்க வேண்டும்.