நான்காவது கையின் இடம்

அந்தப் பொங்கல் விழாவில், முன்வரிசையில் இருந்த உன் நாட்டுக்காரர் பக்கத்து நாற்காலியைத் தட்டினாரே, அது உனக்குக் கேட்டதா?

இதற்குப் பதில் எனக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நீதான். இன்று மதியம் தபால் நிலையத்தில் உன் கல்லூரிப் பேராசிரியரைப் பார்த்தேன். நீ இறந்துவிட்டாய் என்றார். உன் ஊரில், போன மழைக்காலத்தில், ஏதோ காய்ச்சலாம். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி ஈரத்தில் உன் ஜெம்பேக் கொட்டின் ஆட்டுத்தோல் தளர்ந்து கூடம் முழுக்க ஆட்டு வாடை. வருஷா வருஷம் வருவதுதான். “அந்த ஆடு இன்னும் சாகலை மேடம். மழை பேஞ்சா எந்திரிச்சிரும்” என்பாய். வழக்கமாக வாடை வந்த அன்றே கயிற்றை இழுத்து முறுக்கிவிடுவேன். இன்று அதன் எதிரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உன்னை ஆனையூருக்கு அழைத்து வந்தது செல்லப்பாண்டி அண்ணன். எங்கள் தெருக்காரர், திருமங்கலத்தில் மரக்கடை. பஸ்ஸில் உன் மடியில் இருந்த ஜெம்பேயைப் பார்த்து, என்ன மரம் என்று தட்டிப் பார்த்தாராம். பேச்சு அங்கே தொடங்கியிருக்கிறது. எங்கள் தெரு மனமகிழ் மன்றத்துக்கு அப்போது நான்தான் செயலாளர். அதாவது, சாவி என்னிடம் இருந்தது.

“டீச்சரம்மா, ஆப்பிரிக்கால இருந்து வந்திருக்காப்ல. இஞ்சினியரிங் படிக்காப்ல. நமக்குக் கொட்டு சொல்லித்தாரேன்னுட்டாப்ல.”

“நான் எங்க சொன்னேன்? வாசிப்பியான்னு கேட்டீங்க. ஆமான்னேன். அம்புட்டுத்தான் ணே.”

சியரா லியோனிலிருந்து வந்த பையன் இப்படிப் பேசியதும் நான் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கினேன். விடுதிச் சமையல்காரரிடமும் பஸ் கண்டக்டர்களிடமும் நீ கற்ற தமிழ் அது. ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆப்பிரிக்காக்காரன் என்றால் கொட்டத் தெரிந்திருக்கும் என்று அண்ணன் நினைத்துக்கொண்டது உறுத்தியது. மதுரையில் பிறந்த எல்லோருக்கும் நாகஸ்வரம் வாசிக்கத் தெரியுமா என்ன?

நான் கற்றுக்கொள்ள வரவில்லை. கதவைத் திறந்துவிட்டு மூலையில் உட்கார்ந்து தாள் திருத்துவேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த ருக்மணிதான் என்னை இழுத்துவிட்டாள். வீட்டில் சௌராஷ்டிரமும் தெருவில் தமிழும் பேசுகிறவள். இரண்டிலும் நிறுத்தாமல் பேசுவாள். “ஒத்தப் பொம்பளையா நான் மட்டும் உக்காந்திருக்கணுமா அக்கா? சும்மா பக்கத்துல உக்காருங்க, போதும்” என்றாள். உட்கார்ந்தவள் கையில் ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் கொடுத்துவிட்டாய்.

இருந்தது ஒரே ஒரு ஜெம்பே. அதை முறைவைத்து வாசித்தோம். மற்றவர்களுக்கு டின்னும் பிளாஸ்டிக் குடமும். பிறகு அண்ணன் தன் கடையில் வாகை மரத்தைக் கடைந்து, ஜெம்பே போலவே இரண்டும், குச்சியால் அடிக்கப் பெரிதாக ஒன்றும் செய்துகொண்டு வந்தார். தோலின் நடுவே உள்ளங்கையால் அடித்தால் ஆழமான சத்தம். விளிம்பில் விரல்களைச் சேர்த்துத் தட்டினால் மெல்லிய, உருண்டையான சத்தம். விரல்களைத் தளர்த்தி வீசினால் பட்டாசு மாதிரி ஒன்று. இந்த மூன்றையும் பிரித்துத் தட்ட எனக்கு ஒரு கோடைக்காலம் முழுக்கப் பிடித்தது. கை சிவந்து, வகுப்பில் சாக்பீஸ் பிடிக்கச் சிரமமாக இருந்தது.

எங்களால் தாளம் போடாமல் இருக்க முடியவில்லை. ஒரு கை கொட்டில் இருக்கும்போது மற்றக் கை தானாகத் தொடையில் எண்ணும். எங்கே ஆரம்பிக்கிறது என்று ருக்மணி ஓயாமல் கேட்பாள். “நடக்கும்போது எந்தக் கால்ல ஆரம்பிச்சோம்னு யாராவது கேக்கிறாங்களா அக்கா?” என்றாய். செல்லப்பாண்டி அண்ணனுக்கு வேறு கவலை.

“ஒரே அடிய மூணு தடவ போட்டுத் தீர்மானம் வச்சு முடிக்காம எப்படித் தம்பி எந்திரிக்கிறது? சாப்பிட்டுட்டுக் கை கழுவாத மாதிரி இருக்கு.”

“கழுவாதீங்க ணே. நாளைக்கும் சாப்பிடணும்ல.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தாசில்தார் தோளில் துண்டோடு அவசரமாக வந்து நின்றார். “யார் வீட்ல கேதம்?”

“இன்னும் யாரும் போகல சார்” என்றார் அண்ணன். “நாங்க வாசிக்கிறதக் கேட்டு யாராவது போனாத்தான் உண்டு.”

எல்லோரும் சிரித்தார்கள். தாசில்தார் சிரிக்கவில்லை. என்னைத் தனியாக வாசலுக்குக் கூப்பிட்டு, “காலேஜ்ல பாடம் எடுக்கிறவங்க தோல்கொட்டு தட்டுறது நல்லாவா இருக்கு?” என்று கேட்டார். எந்தத் தோல், யார் தட்டுவது, யார் தட்டக் கூடாது என்பதெல்லாம் அவர் சொல்லாமலே எங்கள் இருவருக்கும் தெரியும். நான் உள்ளே வந்துவிட்டேன். என்ன சொன்னார் என்று நீ கேட்டாய். சொன்னேன். “எங்கப்பாவும் இதையேதான் சொல்வார் மேடம். வேற பாஷையில” என்றாய். உன் அப்பாவைப் பற்றி நீ பேசியது அதுதான் முதல் தடவை.

நீ சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு அடிதான். அறுவடை முடிந்ததும் உங்கள் ஊரில் வாசிப்பது. நான்கு கை அதற்கு, அதாவது நான்கு தனித்தனிப் பகுதிகள். நான்கு பேர், ஆளுக்கு ஒன்று, ஒருவர் மற்றவரைப் பின்பற்றக் கூடாது. பெரிய கொட்டில் குச்சியால் அடிப்பது அண்ணன் கை. பட்டாசுச் சத்தம் நானும் ருக்மணியும் சேர்ந்து வாசிக்கும் ஒரே கை. எல்லோரையும் கூப்பிட்டு, நிறுத்தி, நடத்திப்போகிற கை உன்னுடையது. நான்காவது கையை நீ யாருக்கும் தரவில்லை. மற்ற மூன்று கையும் சேர்ந்து வாசிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடம் வெறுமனே வரும்.

“தம்பி, இம்புட்டு இடம் காலி மனையாக் கிடக்கே. நானே ரெண்டு போட்டு அடைச்சிரவா?”

“அது வேற ஆளோட மனை ணே. வேலி தாண்டாதீங்க.”

“ஆளு எப்ப வருவாப்ல?”

“வருவார்.”

அன்றிலிருந்து அதற்குக் காலி மனை என்றே பெயர். அண்ணன் கை பரபரக்கும்போதெல்லாம் “இடத்த விடுங்க” என்பாய். நீ எதையும் கண்டிப்பாகச் சொல்கிறவன் இல்லை. இதை மட்டும் சொன்னாய்.

நான் இயற்பியல் பாடம் நடத்துகிறவள். ஒலியைப் பற்றி வருஷா வருஷம் ஒரே குறிப்பை வைத்துக்கொண்டு பேசுகிறவள். கரும்பலகையில் சத்தம் தூரத்தில் எப்படித் தேய்கிறது என்று படம் போட்டுக்கொண்டிருந்த ஒரு காலை எனக்கு அது பட்டது. அடுத்த ஞாயிறு மன்றத்தைப் பூட்டும்போது கேட்டேன்.

“நீ இதப் பக்கத்துல உக்காந்து கேட்டதே இல்ல. அப்படித்தானே?”

நீ கொட்டைத் தோளிலிருந்து இறக்கினாய். “யார் சொன்னா மேடம்?”

“யாரும் சொல்லல. உனக்குத் தெரிஞ்ச மூணும் தூரத்துக்குக் கேக்கிற சத்தம். விளிம்புல மெல்லத் தட்டுற சத்தம் ஒண்ணுகூட அதுல இல்ல.”

படியில் உட்கார்ந்து சொன்னாய். உன் அப்பா தலைமையாசிரியர். பள்ளிக்கூட வீடு மேட்டில், மைதானம் கீழே. வாத்தியார் மகன் கொட்டுக்காரர்களோடு உட்காரக் கூடாது. அறுவடை நாட்களில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு நீ ஜன்னலோரம் இருப்பாய். ஜெம்பேயைக்கூட விமானம் ஏறப்போன நாளில், அப்பா கண்ணில் படாமல், தலைநகர்ச் சந்தையில் வாங்கியிருக்கிறாய்.

“அந்த ஜன்னல் வழியா மூணுதான் வந்துச்சு மேடம்.”

“அப்போ நாலுன்னு எப்படித் தெரியும்?”

“நாலு பேர் கொட்டோட இறங்கிப் போறதப் பாத்திருக்கேன்ல.”

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாய். சொல்லவில்லை. எனக்கு அதற்குப் பிறகுதான் உன்மேல் மரியாதை வந்தது என்பதையும் உன்னிடம் சொல்லவில்லை. தெரியாததை இட்டு நிரப்பாமல் விட்டுவைக்கிறவர்களை என் படிப்பிலும் அதிகம் பார்த்ததில்லை.

பொங்கல் விழாவில் நாங்கள் வாசிப்பதாக அண்ணன் நோட்டீஸே அடித்துவிட்டார். அந்த வாரம் நீ முகம் வாடி வந்தாய். சென்னையில் படித்துக்கொண்டிருந்த உன் ஊர்க்காரர் ஒருவர் விடுமுறைக்கு உன்னைப் பார்க்க வருகிறார். கொட்டுக்காரக் குடும்பம். உன் அப்பாவுக்குத் தெரிந்தவர். வருஷக் கடைசியில் ஊருக்குத் திரும்புகிறார்.

“நீ வாசிக்கிறது அப்பாவுக்குத் தெரிஞ்சிரும்னு பயமா? இல்ல, தப்பா வாசிக்கிறது அவருக்குத் தெரிஞ்சிரும்னா?”

“ரெண்டும்தான் மேடம். அப்பா கேட்டா என்னைத் திரும்பக் கூப்பிட்டுக்குவார். வர்றவர் கேட்டா...”

வேண்டாம் என்றால் ருக்மணிக்குக் காய்ச்சல் என்று சொல்லி நிறுத்திவிடலாம் என்றேன். “அப்பாக்குப் பயந்து ஜன்னல்லயே இருந்துட்டேன். இங்கயுமா?” என்றாய். பிறகு, “அன்னைக்கு அண்ணனை மட்டும் பிடிச்சுக்குங்க. மனைக்குள்ள வந்துரக் கூடாது” என்றாய்.

மன்ற வாசலில் துணிப் பந்தல், மைக் செட், தெருவே திரண்ட கூட்டம். நீ முன்னால் நின்றாய், முன்வரிசைக்கு ஐந்தாறு அடியில். நாங்கள் பின்னால் உட்கார்ந்திருந்தோம், நான் அண்ணனின் பெரிய கொட்டை ஒட்டி. உன் ஊர்க்காரர் முன்வரிசை ஓரத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்து இரும்பு நாற்காலி காலியாக இருந்தது.

நீ கூப்பிட்டாய், நாங்கள் சேர்ந்துகொண்டோம். முதல் சில சுற்றுகளுக்கு அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. காலி மனை வந்தது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டார். மறுபடி வந்தது, விட்டோம். அவர் கட்டிய கையை அவிழ்த்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு பக்கத்து நாற்காலியின் இருக்கையில் இரண்டு கைகளையும் வைத்து, விரல்களைச் சேர்த்து, விளிம்பில் தட்ட ஆரம்பித்தார்.

நான் பார்த்தேன். கேட்கவில்லை. அண்ணனின் கொட்டு என் காதை அடைத்துக்கொண்டிருந்தது. அந்த விரல்கள் எங்கே விழுந்து எங்கே எழுந்தன என்று கண்ணால் பிடிக்கப் பார்த்ததில் என் கை தடுமாறி, ருக்மணி முழங்கையால் இடித்தாள். உன் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. நீ வழக்கத்தைவிட வெகுநேரம் முடிக்காமல் வாசித்தாய். அது அவர் தட்டியதைக் கேட்டதாலா, முடித்ததும் அவர் என்ன சொல்வாரோ என்ற பயத்தாலா?

முடிந்ததும் இருவரும் உங்கள் மொழியில் பேசினீர்கள். அவர் உன் முதுகில் அடித்துச் சிரித்தார். பிறகு பஸ்ஸுக்கு ஓடிவிட்டீர்கள். அடுத்த ஞாயிறு வந்து சொன்னாய்.

“அப்பாகிட்ட அவரே பேசுறாராம். ‘உங்க பையன் கொட்டுறான், நான் கேட்டேன். பயப்படாதீங்க, அவன் கொட்டுக்காரன் ஆகல’ன்னு சொல்வாராம்.”

அண்ணனும் ருக்மணியும் விழுந்து சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், கொஞ்சம் தாமதமாக.

அவர்கள் போன பிறகு கேட்டேன். “அந்தக் கை எப்படின்னு சொல்லித்தந்தாரா?”

“நான் கேக்கல மேடம். கேட்டா அவர் முன்னால தரையில உக்காரணும். வாத்தியார் மகன் உக்காந்தா அவர் எந்திரிச்சிருவார். எங்க ஊர்ல அப்படி.”

“சரி. அவர் நாற்காலியில தட்டுனது உனக்குக் கேட்டுச்சா?”

“நீங்கதானே ஃபிசிக்ஸ். நீங்க சொல்லுங்க” என்று சாவியை என் கையில் வைத்தாய்.

படிப்பு முடிந்து நீ ஊருக்குப் போனபோது ஜெம்பேயை மன்றத்துக்கு விட்டுவிட்டுப் போனாய். அதை என் வீட்டில்தான் வைத்திருக்கிறேன். உன் கையை இப்போது நான்தான் வாசிக்கிறேன். எனக்கு அப்போது நாற்பது, இப்போது ஐம்பதைத் தொடப்போகிறேன். தாசில்தார் வணக்கம் சொல்வதை நிறுத்தி வருஷங்கள் ஆகின்றன. புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் அந்த வெற்றிடத்தை அடைக்கப் பார்ப்பார்கள். “இடத்த விடுங்க” என்பேன். ஏன் என்று கேட்டால், அது வேறு ஆளுடையது என்பேன்.

இவ்வளவும் நேற்று எழுதியது. இன்று ஞாயிற்றுக்கிழமை. நடந்ததை எழுதி முடித்துவிடுகிறேன்.

மாலை மன்றத்தில் நீ இல்லை என்று சொன்னேன். ருக்மணி வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் வெகுநேரம் குச்சியைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இன்னைக்கு வாசிக்கணுமா டீச்சரம்மா?” என்றார். வாசிக்க வேண்டும், ஆனால் ஒன்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றேன். பந்தல் இருந்த இடத்திலேயே, வாசலில், நீ நின்ற இடத்தில் ஜெம்பேயோடு நான் நின்றேன். பின்னால் அண்ணனும் புதியவர்கள் இருவரும். எதிரே இரும்பு நாற்காலியில் ருக்மணி, பக்கத்தில் காலி நாற்காலி. “மனை வரும்போது அதுல ஏதாவது தட்டு. மெல்ல. விரலச் சேர்த்து” என்றேன். எதற்கு என்று கேட்டாள். சத்தம் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க என்றேன். பொய் இல்லை.

சுற்று வந்தது. எங்கள் மூன்று கையும் விலகிய அந்த இடத்தில், நீ நின்ற இடத்தில், இரும்பின்மேல் ருக்மணியின் விரல்கள் கேட்டன. அன்று கூட்டம் இருந்தது, இன்று இல்லை. மைக் இருந்தது, இன்று இல்லை. ஆகவே இது நிரூபணம் ஆகாது. இடத்தை விட்டிருந்ததால் கேட்டது என்பது மட்டும் உறுதி.

“போதுமா அக்கா?” என்றாள் ருக்மணி.

நிறுத்தாதே, இன்னும் கொஞ்சம் தட்டு என்றேன்.