குங்குமப்பூ கேட்டாயே

வடக்குப்பட்டு,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் பவுலினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் அந்த டப்ளின் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, உன் தங்கச்சி ஜெர்சியை எதிரில் வைத்துக்கொண்டு அப்படி எழுதக் கை வரவில்லை. போனில் பேசலாம் என்றால் நம் வீட்டில் இந்த மூலையில் பேசுவது அந்த மூலைக்குக் கேட்கும், அதனால்தான் பார்சலோடு இந்தக் கடிதம். நீ கேட்ட சுண்டைக்காய் வற்றல், பருப்புப் பொடி, பிள்ளையைச் சுற்றி வைக்கப் பழைய பருத்திப் புடவை எல்லாம் வைத்துவிட்டேன். குங்குமப்பூ மட்டும் வைக்கவில்லை. கோபப்படாமல் மேலே படி.

ஜெர்சி உன்னோடு வீடியோவில் பேசுவதை ஏன் நிறுத்திவிட்டாள் என்று கேட்டாயே, ஷிப்ட் என்று பொய் சொன்னேன். அவள் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து பெரிய ஆட்கள் வந்தார்கள். வாசலில் சந்தனமும் பூவும் தட்டில் வைத்துக்கொண்டு நிற்க, சாமான் செய்கிற லைனில் இருந்து சில பெண்களை எடுத்தார்கள், இவள் பேரும் இருந்தது. பட்டுப்புடவை எடுத்து அயர்ன் பண்ணி, என்னை ஜாக்கெட் பிடிக்கச் சொல்லி ஒரே ஆர்ப்பாட்டம். அங்கே போனதும் ஆபீஸ் மேடம் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, கொஞ்சம் பிரைட்டா இருக்கிறவங்க முன்னாடி வாங்க, நீ பின்னாடி போம்மா, ஃபாரின்ல இருந்து வர்றாங்க இல்ல, என்று சொல்லி இவள் கையிலிருந்த தட்டை வாங்கி வேறு பெண்ணிடம் கொடுத்துவிட்டார். அந்த மேடமும் நம்ம ஊர் பொம்பளைதான், நம்ம நிறம்தான், பவுடர்தான் கூட. வந்தவர்கள் யார் முகத்தையும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம், போன் பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டார்களாம்.

நம் பின்பக்க ரூமில் குடியிருந்த இசக்கிசெல்வி உனக்கு ஞாபகம் இருக்கும், சாத்தான்குளத்துப் பெண், போன கிறிஸ்துமசுக்கு உனக்குப் போனில் பாட்டுப் பாடினாளே. அவளும் அந்த வரிசையில் நின்றாள், அவளையும் பின்னால் போகச் சொன்னார்களாம். நான் செஞ்ச சாமான் கப்பலேறிப் போவுமாம், என் மூஞ்சி மட்டும் வாசல்ல நிக்கக் கூடாதாம்லா, என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, தலையில் வைத்த பூவை எடுத்து மேடத்தின் மேசைமேல் வைத்துவிட்டு லைனுக்குப் போய்விட்டாளாம். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது பவுலின். கான்ட்ராக்ட் பெண்தானே, அடுத்த வாரம் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகிறவளைப் பஸ் ஏற்றிவிட்டதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவள் போன பிறகு ஜெர்சி யாரோடும் பேசவில்லை. மெடிக்கலில் படை, சொறிக்குப் போடுகிற களிம்பு டியூப் ஒன்று வாங்கி ராத்திரியில் முகத்தில் தடவியிருக்கிறாள், லைனில் பாதிப் பெண்கள் அதைத்தான் தடவுகிறார்களாம். முதலில் வெளுத்தது, அவளுக்கும் சந்தோஷம். பிறகு கன்னம் சிவந்து தடித்து, பொரிப் பொரியாக வந்து, வெயில் பட்டால் எரிகிறது என்று அழுகிறாள். நிறுத்தினால் இன்னும் அதிகமாகிறது. ஸ்ரீபெரும்புதூரில் தோல் டாக்டர், மெதுவாகத்தான் ஆறும், பழையபடி வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டார். மெடிக்கல்காரனிடம் போய்ச் சண்டை போட்டேன். நான் குடுக்கலன்னா பக்கத்து கடையில வாங்கிக்கும், என்னை இன்னாம்மா பண்ண சொல்ற, என்கிறான். லைனில் மாஸ்க் இருப்பதால் வேலைக்குப் போகிறாள். சாப்பிடும்போது மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறாளாம்.

இதற்கு நடுவில்தான் நீ போன் செய்தாய். இங்க வெள்ளைக்காரப் புள்ளைங்களோட படிக்கப் போவுது, கொஞ்சம் கலரா பொறந்தா நல்லதும்மா, தி.நகர்ல நல்ல குங்குமப்பூ வாங்கி அனுப்பு, என்றாய். நர்ஸ் படித்தவள், ஊருக்கே மருந்து சொல்கிறவள், பாலில் பூவைப் போட்டால் பிள்ளை வெளுக்கும் என்று நீயும் நம்புகிறாயா? வெள்ளைக்காரன் எப்போதோ போய்விட்டான், நம் வீட்டுக் கண்ணாடியை விட்டு மட்டும் அவன் போகவில்லை. உன்னை வயிற்றில் வைத்திருந்தபோது எனக்கும்தான் கொடுக்க வந்தார்கள், என் நிறத்துக்கு என்ன கேடு என்று தட்டிவிட்டேன். நீ என் நிறத்தில் பிறந்தாய், உன்னைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதனால் அனுப்ப மாட்டேன். அனுப்ப மாட்டேன் என்றால் மாட்டேன்தான்.

திங்கள் காலை. நேற்று அதோடு நிறுத்தி மடித்து வைத்திருந்தேன். இன்று அப்பா கொரியருக்கு எடுத்துப் போவதற்கு முன்னால் கடிதத்தை உள்ளே வைக்கலாம் என்று பார்சலைத் திறந்தால், புடவை மடிப்புக்குள் ஒரு சின்ன டப்பா, குங்குமப்பூ. ஜெர்சி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ போனில் கேட்டது அவள் காதில் விழுந்திருக்கிறது, ஓவர்டைம் பார்த்த காசில் வாங்கியிருக்கிறாள். எட்த்துடாதம்மா, அக்கா கொயந்தையாவது முன்னாடி நிக்கட்டும், என்றாள். அந்த முகத்தோடு நின்று அவள் கேட்கும்போது நான் என்ன செய்வேன் சொல்லு. வைத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

கர்த்தர் எந்த நிறத்தில் கொடுத்தாலும் உன் பிள்ளை நீண்ட ஆயுளோடு, தலை நிமிர்ந்து வாழட்டும். சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். பிள்ளை பிறந்ததும் போனில் வெளுப்பாக்காமல் ஒரு படம் எடுத்து அனுப்பு, பேத்தியோ பேரனோ, உள்ளபடி பார்க்க வேண்டும். டப்பா கிடைத்தது என்று ஜெர்சியிடம் மறக்காமல் சொல்லிவிடு. அதைக் குடித்தாயா இல்லையா என்று என்னிடம் மட்டும் சொல்லாதே.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
ஞானம்மா கிறிஸ்துதாஸ்