எண்பதே முக்கால் அங்குலம்

கார்த்திகை 3, திங்கள்

மாமாவை இரத்தம் சுத்திகரிக்கும் நிலையத்தில் இறக்கிவிட்டு யேசுரட்ணம் அண்ணையின் கராஜுக்குப் போனேன். என் பிக்கப் வண்டியை எவ்வளவு உயர்த்தலாம் என்று கேட்க.

கூட்டாளி ஜெனோசன் வடக்கே ஏரிக்கரை வீடுகளுக்குச் சமையலறை அலுமாரி பொருத்தும் வேலை எடுத்திருக்கிறான். தை முடிந்ததும் என்னையும் வரச் சொல்கிறான். அங்கே வீதி என்பது மரம் இழுத்த தடம்தான். போன மாதம் பார்க்கப் போனபோது வண்டியின் அடி இரண்டு இடத்தில் கல்லில் உரசியது.

அண்ணை மூன்று உயரம் சொன்னார். இரண்டு அங்குலம் என்றால் ஸ்பிரிங்கோடு ஒரு கட்டை வைப்பது, அரை நாள் வேலை. நான்கு என்றால் சில்லைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகளை மாற்றவேண்டும். ஆறு என்றால் அடியில் வெட்டி, பெரிய ரயர் போட்டு, அது வேறு வாகனமாகவே ஆகிவிடும். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எங்க போகவேணும் எண்டு எல்லாரும் சொல்லுவினம் தம்பி. எங்க நுழையவேணும் எண்டு ஒருத்தரும் சொல்லாயினம். அதை அளந்துகொண்டு வாரும்."

நல்ல பேச்சு. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கோப்பி குடித்தேன்.

கார்த்திகை 5, புதன்

அளந்தேன். மாமா இருக்கும் வெக்ஸ்போர்ட் கட்டடத்தின் நிலக்கீழ்த் தரிப்பிட வாசலில் உயர எல்லை காட்டும் ஒரு மஞ்சள் தடி சங்கிலியில் தொங்குகிறது. 2.05 மீற்றர் என்று எழுதியிருக்கிறது. நாடாவைப் பிடித்தால் எண்பதே முக்கால் அங்குலம். பிக்கப்பின் கூரை எழுபத்தேழு. இரண்டு உயர்த்தினால் நுழையும். நான்கு என்றால் தட்டும். ஆறு — பேச்சே இல்லை.

அந்த வாசலுக்குள் நான் போவது கிழமையில் மூன்று நாள், காலை ஐந்தே முக்காலுக்கு. என் மனைவி நிரூபா ஐந்து மணிக்கே மிசிசாகாவுக்கு, விமான நிலைய வேலைக்கு, போய்விடுவாள். என்னிடம் இருக்கும் சாவியால் கதவைத் திறந்து, மாமாவை, அவளுடைய அப்பாவை, சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு லிஃப்ற்றில் இறக்கி, கைபிடித்து வண்டியில் ஏற்றுவேன். சித்திரையில் நாங்கள் பிரிந்து நான் நகரின் மறுகோடியில் ரெக்ஸ்டேலுக்கு, ஒற்றை அறைக்குப் போனபிறகும் இது மட்டும் நிற்கவில்லை. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. தொடரச் சொல்லியும் சொல்லவில்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பதினேழு வருடக் கலியாணத்தில் மிச்சம் இந்த மூன்று காலைகள்தான்.

கார்த்திகை 12

மழை. வேலை. சாப்பிட்டேனா? சாப்பிட்டிருப்பேன்.

கார்த்திகை 16, ஞாயிறு

ஜெனோசன் ஃபோன் எடுத்தான். ஆறே போடு என்கிறான். அரைகுறையாக உயர்த்திக்கொண்டு வந்து சேற்றில் புதைந்து நின்றால் தன்னால் இழுக்க முடியாதாம். அங்கேயே தங்க இடமும் இருக்கிறதாம். "ரொறன்ரோவில உனக்கு என்னடா கிடக்கு?" என்று கேட்டான்.

பதில் யோசித்தேன். அதற்குள் அவன் வேறு கதைக்குப் போய்விட்டான்.

கார்த்திகை 24, திங்கள்

மாமாவின் காலை அளந்தேன். சீனி வருத்தம் இடது காலில் இரண்டு விரலைக் கொண்டுபோய்விட்டது. அந்தக் காலை அவரால் ஒன்பது அங்குலத்துக்கு மேல் தூக்க இயலாது. வண்டியின் மிதிபலகை நிலத்திலிருந்து பதினேழு. அதனால்தான் போன வருடம் எட்டு அங்குலத்தில் ஒரு மர ஸ்டூல் அடித்தேன். கணக்குச் சரி. இரண்டு உயர்த்தினால் ஸ்டூல் பத்தாக வேண்டும். ஆறும் பெரிய ரயரும் என்றால் மிதிபலகை இருபத்து நாலுக்குப் போகும். அதற்கு ஸ்டூல் போதாது, படிக்கட்டுத்தான் கட்டவேண்டும்.

நாடாவை மறைத்துத்தான் பிடித்தேன். மனுசன் ஊரில் முப்பது வருடம் நில அளவையாளராக இருந்தவர், அவரிடம் மறைக்கலாமா. "என்ன தம்பி, சப்பாத்து வாங்கித் தரப்போறீரோ?" என்றார். சும்மா என்றேன்.

"சும்மா அளக்கிற ஆளை நான் இன்னும் காணேல்லை."

பிறகு வழமைபோல வானொலி. மரண அறிவித்தல் முழுவதையும் கேட்டு முடித்து, "இண்டைக்குத் தெரிஞ்ச ஆக்கள் இல்லை" என்றார். ஒரு நாளைக்கு எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

மார்கழி 4, வியாழன்

நிரூபா எடுத்தாள். எட்டு மாதத்தில் முதல்தரம் குரல். இதுவரை எல்லாம் குறுஞ்செய்திதான்.

தையிலிருந்து அப்பாவைக் கொண்டுபோக நாற்காலியோடு ஏற்றும் வான் வண்டி ஒன்று ஒழுங்கு செய்துவிட்டாளாம். "உங்களுக்கும் கரைச்சல்தானே, விடிய எழும்பி அலையிறது. கடைசி நாள் சாவியை மேசையில வைச்சிட்டுப் போங்கோ."

சரி என்றேன். அவள் ஃபோனை வைக்கவில்லை. காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு வைத்துவிட்டாள்.

சித்திரையில் அவள் சொன்னது: "நீங்கள் இருக்கிறதும் சுவர் இருக்கிறதும் ஒண்டுதான்." அன்றைக்கும் சரி என்றுதான் சொன்னேன். வேறென்ன சொல்லியிருக்கலாம்? ஏதாவது சொல்லியிருக்கலாமேயடா. ஒரு சொல்லு. கரைச்சல் இல்லையெண்டாவது சொல்லியிருக்கலாமே.

மார்கழி 17

பனி. மாமாவுக்கு வானைப் பற்றித் தெரியும் என்று நினைக்கிறேன்.  

மார்கழி 31, புதன்

கடைசி நாள். நிலையத்து வாசலில் இறக்கியபோது மாமா என் கையை வழமையைவிடச் சற்று நேரம் பிடித்திருந்தார், அல்லது எனக்கு அப்படிப் பட்டது. முடிந்ததும் கூட்டிவந்து வீட்டில் விட்டேன். சாவியை மேசையில் வைத்தேன். ஸ்டூலைச் சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் மறந்துவிட்டேன். மறந்தேனா, விட்டேனா தெரியாது.

அண்ணைக்கு ஃபோன் அடித்து ஆறு என்றேன். நுழையும் இடம் அளந்ததா என்று கேட்டார். "இனி நுழையிற இடம் ஒண்டும் இல்லை அண்ணை" என்றேன். சொல்லும்போது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

தை 8, வியாழன்

உயர்த்தும் வேலை முடிந்தது. வண்டி வேறு யாருடையதோ போல நிற்கிறது. ஏற நானே கைப்பிடியைப் பிடிக்கவேண்டும். மேலிருந்து பார்த்தால் மற்றவர்களின் வாகனக் கூரைப் பனி தெரிகிறது. அண்ணை நல்லாயிருக்கோ என்று கேட்டார். நல்லாயிருக்கு என்றேன். இருந்தது. எனக்குத்தான் ஒன்றும் இல்லை.

தை 9, வெள்ளி

நாலே முக்காலுக்கு விழிப்பு. போக இடமில்லை. வானொலியைப் போட்டேன். தெரிந்த ஆட்கள் இல்லை.

தை 19, திங்கள்

காலை ஐந்து பத்துக்கு நிரூபா எடுத்தாள். விடிய விடிய உறைமழை, வீதியெல்லாம் கண்ணாடி. வான் ஓடாதாம். அவளும் வேலைக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை மாமாவுக்கு இடையில் பிரஷர் விழுந்து சுத்திகரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டார்களாம். கால் வீங்கி, மூச்சு வாங்குகிறதாம். இன்றைக்கும் விட்டால் ஆபத்து.

"வர ஏலுமோ?" என்று மட்டும் கேட்டாள்.

ரெக்ஸ்டேலிலிருந்து ஐம்பது நிமிடம் எடுத்தது. தரிப்பிடச் சரிவின் மேலேயே நிறுத்தினேன். தடி கீழே தொங்கிக்கொண்டிருந்தது. நிரூபா உள்ளிருந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சரிவில் ஏறி வந்தாள். பாதியில் போய் நானும் பிடித்தேன். அவள் தோளில் என் ஸ்டூல் தொங்கியது, துணிப்பையில்.

ஸ்டூலை வைத்தோம். அதற்கு மேலும் பதினாறு அங்குலம். மாமா காலைத் தூக்கிப் பார்த்தார். இரண்டாம் தரமும் பார்த்தார். பிறகு மிதிபலகையைப் பார்த்தார்.  உயர்த்தினவன் நான்.

தூக்கினேன். பதினேழு வருடத்தில் அவருடைய கையைத் தவிர வேறெங்கும் தொட்டதில்லை. ஐம்பத்தொன்றரைக் கிலோ — ஒவ்வொரு முறையும் நிலையத்தில் எழுதித் தருவார்கள், எனக்கு மனப்பாடம். இதைவிடப் பாரமான அலுமாரிகளைத் தூக்கியிருக்கிறேன். அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். கதவில் அடிபடாமல் நிரூபா அவருடைய பாதத்தைக் கையால் பொத்திப் பிடித்தாள்.

"இனி உந்த வண்டி உள்ளுக்க வராதோ?" என்று கேட்டாள்.

"வராது" என்றேன்.

அவள் பின்னால் ஏறினாள். வழியில் வானொலி போடவில்லை. மாமாதான் பேசினார். "நல்ல உயரம். முன்னுக்குப் போறதெல்லாம் தெரியுது." இரண்டு சந்தி தாண்டி, "அந்த வான்காரன் நல்ல மனுசன். ஆனா வாய் மூடான். உம்மோட எண்டால் பேசாமல் இருக்கலாம் தம்பி" என்றார்.

நிரூபாவுக்கும் அது கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன், வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்களை இறக்கிவிட்டு வாகனத்துக்குள்ளேயே இருந்தேன்.  அழவேண்டும்போல இருந்தது. அழுகை வரவில்லை. ஆனால் வேண்டும்போல இருந்தது. அதுவே எனக்குப் புதிது.

தை 21, புதன்

ஜெனோசனுக்கு வரமாட்டேன் என்று சொன்னேன். மடையன் என்றான். இப்போதுதானே ஆறு போட்டாய் என்றான். ஓம் என்றேன். பிறகு, என்ன நினைத்தேனோ, காரணமும் சொன்னேன். அவன் மாமாவுக்கு இப்போது எப்படி என்று கேட்டான்.

தை 24, சனி

அண்ணையிடம் போனேன். "ரெண்டுக்கு இறக்கவேணும்." பதினாறு நாளைக்கு முன் கஷ்டப்பட்டு ஏற்றிய மனுசன். திட்டுவார் என்று நினைத்தேன். குனிந்து அடியைப் பார்த்தார். ஆறுக்காக வெட்டின இடத்தைத் திரும்ப ஒட்டவேண்டும், பழைய வண்டி ஒன்றிலிருந்து துண்டு எடுக்கவேண்டும், வியாழன் ஆகும் என்றார்.

"வெட்டினதை ஒட்டலாம். தழும்பு கிடக்கும், பரவாயில்லையோ?"

"கிடக்கட்டும்" என்றேன்.

நுழையும் இடம் இருக்கிறதோ என்று அவர் இம்முறை கேட்கவில்லை. அது எனக்கே தெரியாது. வான் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது. சாவியும் என்னிடம் இல்லை.

தை 30, வெள்ளி

நிரூபாவுக்கு எழுதினேன். எழுதி அழித்து, எழுதி அழித்து, கடைசியில் ஒரு வரி: திங்கள் நான் வரட்டோ?

ஒரு மணித்தியாலம் கழித்துப் பதில்: தடி?

நுழையும் என்று போட்டேன். அதன்பிறகு ஒன்றும் வரவில்லை.

மாசி 2, திங்கள்

ஐந்தே முக்கால். தடிக்கும் கூரைக்கும் நடுவில் ஒன்றே முக்கால் அங்குலம். தெரிந்த கணக்குத்தான், இருந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனேன். தட்டவில்லை.

லிஃப்ற் வாசலில் மாமா நாற்காலியில் இருந்தார். பின்னால் நிரூபா. இந்த நேரத்தில் அவளை அங்கே கண்டதில்லை.

"வேலை?" என்று கேட்டேன்.

"எட்டுக்கு மாத்தியிருக்கிறன்" என்றாள். சாவியை நீட்டினாள். வாங்கினேன். "கரைச்சல் இல்லை" என்றேன். இரண்டு மாதம் பிந்திய பதில். அவளுக்கு எதற்கென்று விளங்கியதோ தெரியாது. தலையாட்டினாள்.

ஸ்டூலை வைத்தோம். மாமாவின் கால் மிதிபலகைக்கு இரண்டு அங்குலம் எட்டவில்லை. அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து ஏற்றினோம்.

பின்னேரம் இரண்டு அங்குலப் பலகை ஒன்று வெட்டி அந்த ஸ்டூலுக்கு அடிக்கவேண்டும்.