படங்குக் கயிற்றுக்கு இரண்டு விரல் மேலே

அனுப்புநர்:
அழகமுத்து கிருஷ்ணகுமாரி,
இல. 14, மேற்பிரிவு லயம்,
ஆர்டன்வேல் தோட்டம்,
அரநாயக்க.

பெறுநர்:
வைத்திய அத்தியட்சகர் அவர்கள்,
மெதகந்துர ஆதார வைத்தியசாலை.

விடயம்: தாதிய உத்தியோகத்தர் பளீலா அவர்களுக்கு எதிராக என் பொருட்டுச் செய்யப்பட்ட முறைப்பாட்டை மறுத்தலும், உண்மையான குறைகளை முறையிடுதலும்

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி தோட்டத்தில் முப்பத்தொரு வருடமாகக் கொழுந்து பறிப்பவள். வயது ஐம்பத்திரண்டு. கடந்த ஏப்ரல் மாதம் தங்கள் வைத்தியசாலையில் எனக்கு மலக்குடல் புற்றுநோய்க்கான சத்திர சிகிச்சை நடந்தது. அப்போது பளீலா மிஸ் என்னை விறாந்தையில் கூடை சுமக்க வைத்து அவமானப்படுத்தினார் என்று முறைப்பாடு கிடைத்திருப்பதாகவும், இம்மாதம் 29ஆம் திகதி விசாரணைக்கு வரும்படியும் தங்கள் கடிதம் கூறுகிறது. நான் அவமானப்பட்ட செய்தி அந்தக் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கே தெரியும்.

2. முறைப்பாடு செய்தவன் என் மகன் நிரோஷன். கொழும்பில் காப்புறுதி அலுவலகமொன்றில் வேலை செய்கிறான். யாரோ கைபேசியில் எடுத்த வீடியோ, நான் மயக்கம் தெளியாமல் கிடந்த நாளில் அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதில் நான் இடுப்பில் படங்கு கட்டி, தலையில் கூடைக் கயிறு மாட்டி நடக்கிறேன். சனம் சுற்றி நின்று பார்க்கிறது. தங்கள் கடிதம் வந்ததும் அவனைக் கேட்டேன். “ஆஸ்பத்திரியிலயும் ஒன்னைய கூடை தூக்க வச்சிட்டாங்களேம்மா” என்று அழுதான். அவன் கோபத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இந்தக் கூடையை என் தலையிலிருந்து இறக்கவே படித்தவன் அவன். ஆயினும் நடந்தது என்னவென்று அவனுக்குத் தெரியாது.

3. எட்டு மாதம் இரத்தம் போனது. மூலம் என்று நானே முடிவு செய்து, வெட்கத்தில் மகளுக்கும் சொல்லாமல் மறைத்தேன். தங்கள் கிளினிக்கில் பின்புறத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்றதும் எழுந்து பஸ்ஸுக்குப் போகப் பார்த்தேன். சத்திர சிகிச்சை நிபுணர் ஐயா அவசரப்படுத்தவில்லை. என்ன செய்யப்போகிறார், எவ்வளவு நேரம் ஆகும், எப்போது வலிக்கும் என்று எனக்கு விளங்கும் வேகத்தில் சிங்களத்தில் சொன்னார். பளீலா மிஸ் திரையை இழுத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கமரா பரிசோதனை. அதற்கு முதல்நாள் குடலைக் கழுவக் குடித்த மருந்துத் தண்ணீரை என் பகையாளிக்கும் கொடுக்க மாட்டேன். ஆனால் ருசி மோசம், கக்கூசுக்குப் பக்கத்திலேயே இருங்கள் என்று அதையும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அந்த வார்ட்டில் சொல்லாமல் என் உடம்பில் ஒன்றும் செய்யவில்லை. வேறெங்கும் எனக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை, ஐயா.

4. நோயுள்ள பகுதியை வெட்டி, மீதிக் குடலைப் பொருத்துவார்கள். அது ஆறும்வரை சிறுகுடலை வயிற்றின் வலப்பக்கமாக வெளியே எடுத்து அதன்மேல் மலம் சேரும் பை ஒட்டுவார்கள். சில மாதம் கழித்துத் திரும்ப உள்ளே வைத்துத் தைப்பார்கள். இதை மிஸ் படம் கீறிக் காட்டினார். இனி மலைக்கு வேலைக்குப் போகலாமா என்று மட்டும் நான் கேட்டேன். ஆறிய பிறகு இலேசான வேலைக்குப் போகலாம் என்றவர், “நீங்க படங்கு வயித்தில எந்த இடத்தில கட்டுறது? நாளைக்கு அதையும் கூடையையும் கொண்டு வரச் சொல்லுங்க” என்றார். மகள் தனுஜா கொண்டு வந்தாள். படங்கு என்பது செடி குத்தாமலும் பனியில் நனையாமலும் இருக்க நாங்கள் இடுப்பைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டும் தடித்த விரிப்பு. அதை எங்கே கட்டுகிறேன் என்று அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.

5. மறுநாள் மிஸ் கூடைக்குள் தண்ணீர்ப் போத்தல்கள் வைத்துப் பாரமாக்கினார். நடக்கச் சொன்னார், கதிரையில் உட்காரச் சொன்னார், செடிமேல் குனிவதைப்போல் குனியச் சொன்னார். எங்கே மடிப்பு விழுகிறது, எங்கே கயிறு அழுத்துகிறது, என் கண்ணுக்கு எந்த இடம் தெரிகிறது என்று பார்த்துப் பார்த்து பை வரவேண்டிய இடமென்று என் வயிற்றில் மூன்று முறை பேனையால் புள்ளி வைத்தார். இரண்டை அழித்தார். மூன்றாவது, படங்குக் கயிற்றுக்கு இரண்டு விரல் மேலே. இவ்வளவு நேரமும் அவர் சிமெந்துத் தரையில் முழங்காலில் இருந்தார். வீடியோ எடுத்தவர் என் முதுகுப் பக்கம் நின்றபடியால் கூடை மிஸ்ஸை மறைத்துவிட்டது.

6. அந்தப் புள்ளியில்தான் இன்று என் பை இருக்கிறது. மூன்று மாதமாக ஒரு தடவையும் கசியவில்லை. போன கிழமை வீட்டில் படங்கைக் கட்டிப் பார்த்தேன். குனிந்தும் பார்த்தேன். கயிறு அதைத் தொடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

7. இனி என் முறைப்பாடுகள். முதலாவது, விசாரணை முடியும்வரை பளீலா மிஸ்ஸைப் பதிவேட்டு அறைக்கு மாற்றியிருப்பது. கிளினிக்கில் செபஸ்ரியன் என்பவரைச் சந்தித்தேன். இறப்பர் பால் வெட்டுபவர், இடுப்பில் சாரம் உடுத்துபவர். அவருக்கும் பை வைக்க வேண்டும், எதிர்வரும் புதன்கிழமை சத்திர சிகிச்சை. சாரத்தின் முடிச்சு எங்கே வரும் என்று அவரைக் கேட்க இன்று அங்கே ஆளில்லை. இரண்டாவது, என்னை விறாந்தையில் நிறுத்தியது மிஸ்ஸின் குற்றமல்ல. கூடையோடு ஒருத்தி திரும்பி நடக்க அந்த வார்ட்டில் மறைவான இடம் கிடையாது. திரை போட்ட ஒரு சிறிய அறை இருந்திருந்தால் வீடியோவும் இல்லை, என் மகன் அழுதிருக்கவும் மாட்டான்.

8. ஆகவே, பளீலா மிஸ்ஸைப் புதன்கிழமைக்கு முன் அவருடைய வேலைக்கே அனுப்பிவைக்குமாறும், அந்த அறையை ஒதுக்கித் தருமாறும் தங்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். 29ஆம் திகதி படங்கோடும் கூடையோடும் வருவேன். அதிகாரிகள் முன் கட்டிக் காட்டுவேன்; விரல் வைத்து அளந்து பார்க்கலாம். எனக்கு இன்னும் பாரம் தூக்க அனுமதியில்லை. ஆகையால் கூடையை பஸ் நிலையத்திலிருந்து விசாரணை அறைவரை நிரோஷன் தூக்கி வருவான். அவனுக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. ஆனாலும் தூக்கி வருவான்.

தங்கள் வைத்தியசாலையில் பிழைத்தெழுந்த,
அ. கிருஷ்ணகுமாரி
(ஒப்பம்)

இடம்: ஆர்டன்வேல் தோட்டம், அரநாயக்க
திகதி: 18.07.2025